தொங்கக்கூடாத பிடி

தாராவியில் நாகூர் மீரான் தைக்கும் பைகளில் ஒரு நூல்கூட வெளியே தொங்காது. தொங்கினால் பிரித்துத் திரும்பவும் தைப்பார். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் விடமாட்டார். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு.

பக்கத்துக் கட்டடத்து ஜுவைரியா மழைக்காலம் வந்தால் காட்டாறுகளில் கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகு ஓட்டுகிறவள். ஒருநாள் கிழிந்த ரப்பர் பாவாடை ஒன்றைக் கொண்டுவந்தாள். படகில் உட்கார்ந்ததும் இடுப்பைச் சுற்றிப் படகின் வாயோடு இறுக்கமாகப் பொருத்தி, தண்ணீர் புகாமல் மூடுகிற பாவாடை. அதேபோல் புதிது வேண்டும் என்றாள். முன்னால் தொங்கும் வார்ப்பிடியைக் காட்டி, படகு கவிழ்ந்தால் இதை இழுத்துக் கழற்றித்தான் வெளியே வரமுடியும் என்றும் சொன்னாள்.

எல்லாம் அச்சு அசலாக வந்தது. பிடி மட்டும் அவர் கண்ணை உறுத்தியது. அதைக் குட்டையாக்கிப் படியத் தைத்துவிட்டார்.

“சின்னதா இருக்கே சாச்சா.”

“நீட்டி விட்டா நாய் நாக்கு மாதிரி தொங்கும்மா. விரல் போகுதுல்லா, போதும்.”

விரல் போனது. அதற்குமேல் அவரிடம் பேச அவளுக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கர்ஜத் பக்கம், மழைக்கு மட்டும் ஓடும் ஒரு சிற்றாற்றுக்கு அவரையும் கூட்டிப்போனாள். அது தன் கைவேலை என்று கரையில் நின்றவர்களிடம் அவர் இந்தியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பாறையில் மோதிப் படகு கவிழ்ந்தது. துடுப்பு தனியே போனது. அவள் வெளியே வரவில்லை. செம்மண் கலங்கிய வெள்ளத்தில் படகின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. பின்னால் இன்னொரு கயாக்கில் வந்த அவள் கூட்டாளி ராஹில் தன் படகின் மூக்கைக் கொண்டுபோய் ஒட்டினான். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை தடவித் தடவி அதைப் பற்றியது. அதைப் பிடித்துக்கொண்டுதான் படகோடு நிமிர்ந்தாள்.

கரையில் இருமி ஓய்ந்தபின், விரல் நுழையவில்லை, வழுக்கிவிட்டது என்று ராஹிலிடம் தணிந்த குரலில் சொன்னாள். மீரானுக்கும் கேட்டது. சற்றுமுன் அவர் பேச்சைக் கேட்டவர்கள் ஆற்றைப் பார்த்தபடி நின்றார்கள். யாராவது ஒரு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

ராஹில் வண்டியிலிருந்து பழைய பாவாடையை எடுத்துவந்தான். கிழிசலில் டேப் ஒட்டியிருந்தது. அவள் அதை மாட்டத் தொடங்கினாள்.

“அதுல தண்ணி ஏறுமேம்மா” என்றார், கேட்டும் கேட்காத குரலில்.

“ஏறட்டும் சாச்சா. இது கழண்டுரும்.”

கோபமில்லாமல்தான் சொன்னாள். அவரைப் பார்க்காமல் சொன்னாள்.

படகு நகர்ந்ததும் மீரான் புதியதை எடுத்துக்கொண்டு ஆட்கள் இல்லாத பக்கம் போனார். கையை ஆற்றில் நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பிடிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். மறுபடி பார்த்தார். தையல் ஒழுங்காகத்தான் இருந்தது. விரல் நுழையவில்லை.