மருந்து ஒட்டாத இடம்

கொல்லங்கோட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துதான் ஓர் ஆய்வுக் குழுவுக்காக அந்த வேலையைச் செய்துவந்தேன். உயிருள்ள எல்லாவற்றிலும் புரதம் கட்டுகிற ரைபோசோம் இருக்கிறது. அதன் ஆர்.என்.ஏ. இழையில் அங்கங்கே சிறுசிறு வேதி மாற்றங்கள் உண்டு. எந்த உயிரில், எந்த இடத்தில், என்ன மாற்றம் என்று ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து தொகுக்க வேண்டும். ஈஸ்ட், நெல், மனிதன், வெந்நீர் ஊற்றில் வாழும் நுண்ணுயிர் என்று அது போய்க்கொண்டே இருந்தது.

பாக்டீரியாப் பகுதியை முடித்த சமயம், கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வந்த என் கணவரின் கெண்டைக்காலைத் தகரம் கிழித்துவிட்டது. தையல் போட்டும் ஆறவில்லை. கால் வீங்கி, காய்ச்சல் ஏறி, பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

சீழைப் பரிசோதித்த ரிப்போர்ட்டை வாங்கி வரிவரியாகப் படித்தேன். ஒரே வகையைச் சேர்ந்த ஊசிமருந்துகளில் ஒன்றுகூட அந்தக் கிருமியிடம் பலிக்கவில்லை. அப்படி மொத்தமாகத் தோற்கடிக்கும் மாற்றம் ஒன்றை நானே பதிந்திருந்தேன். கிருமியின் ரைபோசோமில் மருந்து போய் ஒட்ட வேண்டிய இடத்தில் மெத்தில் என்கிற சின்ன வேதித் துணுக்கு ஒன்று உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான், மருந்துக்கு இடமில்லை.

டாக்டரிடம் ஓடிப்போய் மலையாளத்தில் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். அதுவாகவும் இருக்கலாம், ஆனால் மற்ற வகை மருந்துகளும் பலிக்கவில்லை, காரணம் எதுவானாலும் மிச்சமிருப்பது ஒரு மருந்துதான், அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்றார்.

அதையும் ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. நான் வராந்தாவில் நின்று போனில் கட்டுரை கட்டுரையாகத் தேடினேன். அந்த மெத்திலை அகற்ற யாராவது ஒரு வழி கண்டிருக்க மாட்டார்களா? தேடியவரை, அது எங்கே இருக்கிறது என்றுதான் எல்லாரும் எழுதியிருந்தார்கள். என்னைப் போல.

உள்ளே போனபோது அவர் விழித்திருந்தார்.

"நீ எழுதறதுல இந்தக் கிருமியும் இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அதுக்கு என்ன பண்றதுன்னு?"

"அது இல்லீங்க."

கண்ணை மூடிக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். அதன்பிறகே காய்ச்சல் விட்டது.

"உசுரோட ஊட்டுக்கு வந்துட்டனல்ல, அழுவாத" என்கிறார் இப்போது. பாக்டீரியாப் பகுதியை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று ஆய்வுக் குழுவிடம் கேட்டுக்கொண்டு, நான் தாவரங்களைப் பார்க்கிறேன். இல்லாத பாதம் அரிக்கிறது என்று அவர் சொல்லும்போது, எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்காருகிறேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.