ஏரியலுக்கு ஆள்

மாலை ஐந்து ஐம்பத்திரண்டு. சமையல்கட்டின் பின்கதவருகே, விறகு அடுக்கியிருந்த மூலையில், மாமா ஒரு கம்பியின் நுனியை என் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார். முதலில் என் கண்ணில் பட்டது அந்த நுனிதான். மேலுறை சீவப்பட்டு உள்ளே செம்பு பளபளத்தது. அன்று எனக்குப் பத்து வயது நிறைந்த நாள். ஆறு மணிக்கு வானொலியில் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சி. அதில் என் பெயரை வாசிப்பார்கள். அந்த நேரம் பார்த்து, வானொலி இருந்த முன்னறையை விட்டு வீட்டின் மறு கோடியில் போய் நிற்கும்படி எனக்கு உத்தரவு.

"புடி பாப்பா. இன்னைக்கு நீதான் ஏரியல்."

இது எப்பேர்ப்பட்ட அநியாயம் என்று விளங்க வேண்டுமானால், எங்கள் வீட்டில் ஏரியல் தேர்வு நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

இலங்கை மலையகத்தில், ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், காம்பரா ஒன்றில் இருந்தோம். முன்னால் ஓர் அறை, பின்னால் சமையல்கட்டு. அம்மா கொழுந்து பறித்தார். அப்பாவுக்குப் பங்களாவின் பூந்தோட்டத்தில் வேலை. தொண்ணூறுகளின் கடைசியில், லயத்துக்கு மின்சாரம் வந்த மறு வருடம், பங்களாவில் இருந்த தொரை மாற்றலாகிப் போனார். அவர் வேண்டாமென்று விட்டுப்போன சாமான்களில் ஒரு பழைய ரேடியோ ட்யூனர் அப்பாவுக்குக் கிடைத்தது. கனமான பெட்டி. வெள்ளி நிற முகம். நீண்ட கண்ணாடிக்குப் பின்னால் எண்கள். ஒரு தரம் சுண்டிவிட்டால் தானாக ஓடும் பெரிய குமிழ். அப்பா அதைச் சாக்கில் சுற்றித் தோளில் சுமந்து வந்தார். சுவிட்சைப் போட்டதும் பச்சை வெளிச்சம் வந்தது. சத்தம் வரவில்லை.

அம்மாவின் தம்பியான மாமா பதுளைக் கடைவீதியில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றார். சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டுக்கு வருவார், திங்கள் விடியற்காலை பஸ்ஸுக்குப் போவார். பகலெல்லாம் சீத்தைத் துணி கிழித்தாலும் பேச்செல்லாம் மின்சாரம்தான். பெட்டியை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

"இது கேக்கும் மச்சான், பேசாது. பேசுறதுக்கு வேற ஒன்னு வேணும்."

எங்கள் பழைய கெசட் பிளேயரை அதனுடன் இணைத்தார். அது பேசியது. மாமா சரியாகச் செய்த அந்த ஒரு காரியத்தால், அதன்பின் அவர் சொன்ன எதையும் அப்பா மறுக்கவில்லை. ஆனால் பெட்டி பேசியது வெறும் இரைச்சல். அதன் முதுகில் இரண்டு திருகாணிகள் இருந்தன. அவற்றில் ஏரியல் மாட்டாவிட்டால் ஒன்றும் வராது. தொரையின் ஏரியல் பங்களாக் கூரையிலேயே இருந்தது. அது கம்பனிச் சொத்து.

மாமா ஒரு மூங்கிலில் கம்பியைச் சுற்றி லயக் கூரையில் கட்டினார். தமிழ்ப் பாட்டு அருவியாகக் கொட்டியது. மூன்றாம் நாள் கணக்கப்பிள்ளை வந்து இறக்கச் சொன்னார். யாரோ அலுவலகத்தில் விசாரித்தார்களாம். அந்த வருடங்களில் தமிழர் இருக்கும் கூரையிலிருந்து ஒரு கம்பி மேலே போனால், அது யாரோடு பேசுகிறது என்ற கேள்வி எழும். எங்கள் பெட்டிக்குத்தான் பேசவே தெரியாது என்று அப்பா சொல்லிப் பார்த்தார். கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. பங்களாக் கூரையின் ஏரியல் எங்களுடையதைவிட மூன்று மடங்கு உயரம். அதைப் பற்றி ஒருவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே, வீட்டுக்குள்ளேயே வைக்கக்கூடிய ஏரியல் தேவைப்பட்டது. பதுளைக் கடைகளில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, இழுத்தால் நீளும் இரண்டு கொம்புகள். மற்றது, சுவரில் விரித்து அடிக்கும் பட்டை வயர். கடைக்காரர் பட்டை வயரைத்தான் எடுக்கச் சொன்னாராம். மாமா கொம்பை எடுத்தார், பார்க்க நன்றாக இருந்ததால். அது பதுளை டவுனில் வேலை செய்திருக்கும். மலைச்சரிவுக்கு ஒட்டினாற்போல் இருந்த எங்கள் காம்பராவில், நிமிர்த்தினாலும் சாய்த்தாலும் இரைச்சலின் சுருதி மாறியதே தவிர வேறு பலன் இல்லை. அடுத்த வாரம் கொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பட்டை வயருடன் வந்தார்.

பட்டை வயரை விரித்தால் இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்தடி வரும். அதைப் பிடித்துக்கொண்டு மாமாவும் அப்பாவும் ஒவ்வொரு சுவராகப் போனார்கள். ஒரே ஒரு சுவரில் பாட்டு தெளிவாகக் கேட்டது. அது சாமி படங்கள் மாட்டியிருந்த சுவர்.

"சாமி இருக்கிற எடத்துலதான் அக்கா சிக்னலும் இருக்கு" என்றார் மாமா.

"அப்ப சாமிகிட்டயே பாட்டுக் கேட்டுக்க. ரேடியோ எதுக்கு?" என்றார் அம்மா.

முருகன் நகரவில்லை. பட்டை வயர் எதிர்ச் சுவரில் அடிக்கப்பட்டது. பாட்டு பாதி, இரைச்சல் பாதியாக ஒரு மாதம் போயிற்று. பிறகு ஒரு நாள் அண்ணன் வெறுங்காலோடு பெட்டியின் முதுகைத் துடைக்கப் போய், திருகாணியைத் தொட்டான். பாட்டு பளிச்சென்று வந்தது. கையை எடுத்தான், போய்விட்டது. மறுபடி தொட்டான், வந்தது. மாமா உடனே ஒரு துண்டுக் கம்பியைத் திருகாணியில் மாட்டி அண்ணன் கையில் கொடுத்தார். இன்னொரு கையை விரிக்கச் சொன்னார். கூரை ஏரியலுக்குக் குறையாத பாட்டு. அந்த வானொலி அலையின் நீளத்தில் பாதி ஏறத்தாழ ஐந்தடி என்று பின்னாளில் படித்தேன். கை விரித்த அண்ணனின் அளவும் ஏறத்தாழ அதுதான்.

ஆளைத் தேர்ந்தெடுக்க முறையாகவே சோதனை நடந்தது. அப்பா பிடித்தால் இரைச்சல் கூடியது. மாமா பிடித்தால் ஒன்றுமே இல்லை, அவர் அதைக் கம்பியின் கோளாறு என்றார். அம்மா தொட மறுத்துவிட்டார். நான் ஆசையாகப் பிடித்தேன். சிங்களத்தில் கிரிக்கெட் வர்ணனை வந்தது. கையை மாற்றிப் பிடித்தேன், ஓவர் முடிந்ததே தவிர கிரிக்கெட் போகவில்லை.

"நீ போடி. ஒன்ன நிப்பாட்டினா ரணதுங்கதான் வருவாரு" என்று அண்ணன் கம்பியைப் பிடுங்கிக்கொண்டான்.

அன்றிலிருந்து ஏரியல் அவன்தான். பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று எல்லாப் பாட்டையும் எல்லாருக்கும் முன்னதாகக் கேட்டான். நின்ற களைப்புக்கு மாமா பதுளையிலிருந்து கொண்டுவரும் பேக்கரிப் பணிஸில் பாதி அவனுக்குப் போயிற்று. நான் கேட்டபோதெல்லாம் கிரிக்கெட்டைச் சொல்லியே விரட்டினார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். விரும்பியபோது எனக்குத் தகுதி இல்லை என்றார்கள்.

பிறந்தநாள் வாழ்த்துக்கான தபாலட்டையை மூன்று வாரத்துக்கு முன்பே எழுதிவிட்டேன். என் பெயர், வயது, தோட்டத்தின் பெயர், வாழ்த்துவோர் வரிசை. அப்பா அதை ஹாலிஎலவுக்குப் போகும்போது தபாலில் போடுவதாக வாங்கிக்கொண்டார். அதுவரை எங்கள் குடும்பத்துப் பெயர்கள் உரக்கக் கூப்பிடப்பட்ட இடம் பெரட்டுக்களம் ஒன்றுதான். விடியற்காலைக் குளிரில் அம்மாவின் பெயரைக் கூப்பிடுவார்கள், எந்த மலைக்குப் போய்க் கொழுந்தெடுக்க வேண்டும் என்று சொல்வதற்காக. என் பெயரைக் கூப்பிடப்போவது வேலைக்கு அல்ல. பிறந்ததற்காக. வகுப்பில் எல்லாரிடமும் சொல்லி வைத்தேன்.

பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு அடுத்த காம்பராவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரை போகாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை எங்கள் வீட்டில் பாட்டு கிடையாது. அம்மா போய் விஷயத்தைச் சொன்னார். அந்த வீட்டு அத்தை, "புள்ள பொறந்தநாளு, மெதுவா வச்சிக் கேளுங்க" என்று அனுமதி கொடுத்தார். மெதுவாக என்றால், காதைப் பெட்டியில் வைத்தால்தான் கேட்கும் அளவுக்கு.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு வரலாம். அண்ணன் அலட்டிக்கொள்ளாமல் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறான். வழக்கமான துண்டுக் கம்பியைக் காணோம். மாமா எங்கிருந்தோ ஒரு நீண்ட கம்பியைக் கொண்டுவந்து, முன்னறையிலிருந்து சமையல்கட்டு வழியாகப் பின்கதவு வரை இழுத்திருக்கிறார்.

"அண்ணன் புடிக்கட்டும். நான் புடிச்சா கிரிக்கெட் வரும்."

"ஒம் பேரு வரப்போவுது. ஒன் ஒடம்புக்குத்தான் அது ஒட்டும்."

"ஏன் இவ்வளவு தூரத்துல?"

"மூட்டமா இருக்குல்ல. பின்னுக்கு நின்னாத்தான் புடிக்கும்."

"எனக்குக் கேக்காதே மாமா."

"நீ வுட்டுட்டா யாருக்குமே கேக்காது" என்றார் மாமா. "அசையாம நில்லு."

அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தேன். அவர் எழுந்து, பெட்டி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் அதன் மேலிருந்த தூசியைத் தட்டினார். என் பக்கம் நியாயம் பேச ஓர் ஆள் இல்லை. நான் கம்பியைப் பிடித்தேன்.

ஆறு மணி. வாசலின் சட்டத்துக்குள் நான்கு முதுகுகள் தெரிந்தன. அப்பா ஸ்டூலில், மாமா முட்டியிட்டு, அண்ணன் அவர் தோளுக்கு மேலாக, அம்மா பின்னால் நின்றபடி. யாரோ மெல்லப் பேசுவதுபோன்ற முணுமுணுப்பு மட்டும் எட்டியது. சொல் எதுவும் பிரியவில்லை. இடது கை வலித்தது. புகைக்கூண்டு சரியில்லாததால் கண் எரிந்தது. நான் அசையவில்லை. அசைந்தால் என் பெயர் அறுந்துபோகும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று மாமா கையை உயர்த்தி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அண்ணன் குனிந்துகொண்டான். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். என் பெயர் வந்துவிட்டது. அது என் உடம்பு வழியாகத்தான் போயிருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை.

கம்பியைப் போட்டுவிட்டு ஓடினேன். என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். அழகான பெண்குரல் என்றான் அண்ணன். ஆம்பிளைதான் வாசித்தார், நல்ல கணீர்க்குரல் என்றார் அம்மா. முதலில் அப்பா பெயரைச் சொன்னார்கள் என்றார் மாமா. நான் அட்டையில் முதலில் எழுதியது அம்மாவின் பெயரை. தோட்டத்துப் பெயரைச் சரியாகச் சொன்னார்களா என்று அப்பாவைக் கேட்டேன். "சொன்னாங்க, சொன்னாங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வெளியே போய்விட்டார்.

என் கோபம் அப்போதுதான் உச்சத்துக்குப் போனது. எனக்கு வந்ததை நான்கு பேர் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டதையாவது ஒழுங்காகக் காதில் வாங்கினார்களா? அரைமணி நேரம் கை விரித்து நின்று கொண்டுவந்து கொடுத்தால், ஆணா பெண்ணா என்றுகூடக் கவனிக்காமல் கேட்டிருக்கிறார்கள். அம்மா கேசரி செய்திருந்தார். நான் தொடவில்லை. முழு பணிஸ் ஒன்றை மாமா என் தட்டில் வைத்தார். அதையும் தொடவில்லை. விளக்கணைத்த பிறகு, நடுச்சுவருக்கு மேலாக அடுத்த வீட்டு அத்தை, "பேரு வந்துச்சா?" என்று கேட்டார். அப்பா பாயில் புரண்டு படுத்தார். பிறகு அம்மா, "வந்துச்சுக்கா" என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கீழ் லயத்துப் பெண் ஒருத்தி என்னை எல்லார் முன்னாலும் நிறுத்தினாள்.

"நேத்து முழுக்கக் கேட்டோம். ஒம் பேரு வரவே இல்லையே."

"ஒங்க வூட்டு ஏரியல் சரியில்ல" என்றேன். கொஞ்சமும் தயங்கவில்லை. அவர்கள் வீட்டில் வெறும் கொம்பு ஏரியல். எங்கள் வீட்டில் நானே நின்றேன்.

இந்த வழக்கை நான் எளிதில் விடவில்லை. கல்யாணவீடு, காதுகுத்து, தீபாவளி என்று குடும்பம் கூடிய இடத்திலெல்லாம் எடுத்தேன். ஆண்பிள்ளைக்குப் பாட்டும் பணிஸும், பெண்பிள்ளைக்குப் புகையும் கம்பியும் என்று பேசினேன். மாமா ஒருதரமும் எதிர்வாதம் செய்யவில்லை. "ஆமா பாப்பா, தப்புத்தான்" என்பார். அந்தப் பணிவும் எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

போன வருடம் அண்ணனின் மகளுக்குப் பத்தாவது பிறந்தநாள். பதுளையில் அவன் வீட்டில் கேக் வெட்டி முடிந்ததும் நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன். அண்ணன் தட்டைக் கீழே வைத்தான். என் பத்தாவது பிறந்தநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பீலித் தண்ணீரில் துணி துவைக்கும்போது, டவுனுக்குப் போட்டுப்போகும் அப்பாவின் சட்டைப் பையில் அம்மாவுக்கு ஏதோ கூழாகத் தட்டுப்பட்டதாம். என் தபாலட்டை. அப்பா மறந்துவிட்டிருந்தார். வேறொன்று எழுதிப் போட நாள் இல்லை. சனிக்கிழமை மாமா வந்ததும் நான்கு பேரும் தேயிலைக்குள் போய் நின்று பேசியிருக்கிறார்கள்.

அந்த நீண்ட கம்பியின் மறுமுனையை மாமா பெட்டி இருந்த மேசையின் காலில் கட்டியிருந்தார்.