பேண்டு செட்டுக்குப் போஸ்டர் ஒட்டிய கதை

"உங்க பேஜ் எங்க இருக்கு பெரியவரே?" என்று பங்குத் திருவிழாக் கமிட்டியின் புதுச் செயலாளர் கேட்டபோது, நான் சட்டையின் இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"வீட்டுல இருக்கு தம்பி. யூனிபார்ம் போட்டாத்தான் அதைக் குத்திக்கிறது."

அவர் கேட்டது பேட்ஜ் இல்லையாம். போனுக்குள் ஒரு பக்கம் வைத்து, அதில் நம் படத்தையும் வாசிப்பையும் போட்டு, ஊரார் பார்த்துக் கைதட்டுவதாம். பட்டுக்கோட்டை ரோட்டு செட்டுக்கு அப்படி ஒன்று இருந்தது. மேலே பறக்கிற கேமராவில் எடுத்திருந்தார்கள். அதில் வாசிக்கிறவர்களின் தொப்பிதான் தெரிந்தது. ஆனாலும் செயலாளருக்குப் பிடித்துவிட்டது. துபாயில் இருந்துவிட்டு வந்தவர், மேலே இருந்து பார்த்தால்தான் அவருக்கு எதுவும் திருப்தி.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கமிட்டி கூடுது. தேர் பவனி வாசிப்பு யாருக்குன்னு அன்னைக்குத்தான் முடிவு. அதுக்குள்ள ஜனங்களுக்குத் தெரியிற மாதிரி ஏதாவது பண்ணுங்க" என்றார்.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் பங்கு, சர்ச்சும் அங்கேதான். தேர் பவனிக்கு எப்போதும் எங்கள் செட்தான். அன்று எங்கள் வாசிப்பைக் கேட்டவர்கள்தான் வருஷம் முழுக்கக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள். பவனி கைவிட்டுப் போனால் செட்டும் கலைந்துவிடும். பெரிய டிரம்காரர் ஏற்கெனவே ஒரு காலை மருமகனின் கோழிப்பண்ணையில் வைத்திருந்தார்.

விளம்பரம் எனக்குத் தெரியாத விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாகூரில் சந்தனக்கூடு ஊர்வலத்துக்கு வாசிக்கப் போனபோதே ஒன்று கண்டுகொண்டேன். கூட்டத்தில் பெண்ணைப் பெற்றவர் யார் என்று பார்த்து அவர் பக்கம் திரும்பி வாசிக்க வேண்டும். கண்டுபிடிப்பது சுலபம். எல்லாரும் கூட்டைப் பார்ப்பார்கள், அவர் மட்டும் பந்தல்காரரிடம் விலை விசாரித்துக்கொண்டிருப்பார்.

கூத்தாநல்லூர்க் கல்யாணம் ஒன்று பஸ்ஸிலேயே கிடைத்தது. மடியில் கிளாரினெட் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர், "உள்ள என்ன, பாம்பா?" என்றார். திறந்து ஊதிக் காட்டினேன். கண்டக்டர் விசில் அடித்து என்னை இறக்கிவிட்டார். பக்கத்து சீட்டுக்காரரும் கூடவே இறங்கி, மகளுக்கு நாள் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனார். அதற்கெல்லாம் பக்கமும் வேண்டியதில்லை, பறக்கிற கேமராவும் வேண்டியதில்லை.

சரி, காலம் கேட்கிறதே என்று ஒரத்தநாட்டில் போஸ்டர் அடிக்கும் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் போட்டோவை வாங்கிப் பார்த்தாள்.

"யாருக்கு, தாத்தாவுக்கா?"

"ஆமாம்மா, எனக்குத்தான்."

"நீங்களே வந்துட்டீங்களா?"

"பின்ன யாரு வருவா? மச்சானை நம்புனா ஆகாது."

"அதுவும் சரிதான். இப்பல்லாம் முன்கூட்டியே டிசைன் பண்ணி வெச்சுக்கிறாங்க."

"விவரமானவங்க" என்றேன்.

"தேதி எடத்தைக் காலியா விட்டுடவா?"

"விடும்மா. நாளு நம்ம கையிலயா இருக்கு? கூப்பிட்டாப் போவ வேண்டியதுதான்."

அவள் என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தாள். கூப்பிடுகிறவர் கல்யாண வீட்டுக்காரர் என்று நான் நினைத்தேன். அவள் நினைத்தது ஆண்டவரை.

அடுத்து, செட் ஆரம்பித்த வருஷத்தைப் போடச் சொல்ல வேண்டும். ஜவுளிக்கடைப் பலகையில் அதற்கு ஒரு வார்த்தை இருக்குமே, ஸ்தாபிதம் என்று. அன்று அது வாயில் வரவில்லை. தொடங்கினது, தோன்றினது என்று தடவித் தடவி, "தோற்றம்னு எழுதி வருஷத்தைப் போடும்மா" என்றேன். தோற்றம் என்று எழுதினால் பக்கத்தில் மறைவு என்று ஒன்று வரும் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். பஸ்ஸுக்குக் காத்திருந்தே எத்தனை சாவு போஸ்டர் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். அந்த நேரம் நினைவு வரவில்லை. போதாததற்கு, "அரை நூற்றாண்டு இசைப்பயணம் நிறைவு" என்றும் போடச் சொன்னேன். நிறைவு என்ற சொல் நிறைவாக இருந்தது.

எங்கள் செட்டுக்குப் புனிதர் பெயர் என்பதால் உச்சியில் ஒரு சிலுவை. நடுவில் நான். கிளாரினெட் போட்டோவில் அடங்கவில்லை என்று மார்போடு வெட்டிவிட்டாள். கீழே செட்டுக்காரர்கள் படம் வரிசையாக. ரேஷன் கார்டுக்கு எடுத்த படங்கள், ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. அதற்கும் கீழே என் போன் நம்பர். கம்ப்யூட்டரில் காட்டினாள். என் மூக்கு சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். வந்திருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆள் வைத்து, கோயிலுக்கு எதிர்ச் சுவரிலும் பஸ் ஸ்டாப்பிலும் ஒட்டினோம்.

மறுநாள் நான் பூசைக்குப் போகவில்லை. முடிவெடுக்கிற அன்றைக்குக் கண்ணில் பட்டால் கெஞ்சுகிற மாதிரி இருக்கும் என்று, மச்சானையும் போக வேண்டாம் என்று சொல்லி வீட்டில் உட்கார வைத்திருந்தேன். அவர்தான் செட்டில் டிரம்பெட். பூசை முடிந்திருக்கும் நேரம், இரண்டாவது டீ குடிக்கும்போது போன் வந்தது.

"எப்ப எடுக்குறீங்க?" என்று ஒரு குரல் தணிவாகக் கேட்டது.

"எப்ப சொன்னாலும் எடுத்துக்கலாம்ங்க. அட்வான்ஸ் மட்டும் வந்துடணும்."

"அட்வான்ஸா?"

"எல்லாருக்கும் உள்ளதுதாங்க."

"நீங்க யாரு பேசுறது?"

"போஸ்டர்ல நடுவுல பாருங்க, அது நான்தான்."

போன் கீழே விழுகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொருவர், "தூக்குறதுக்கு ஆள் இருக்கா, நாங்க வரணுமா?" என்றார். "பெரிய டிரம்முதாங்க கனம், மத்ததை நாங்களே தூக்கிடுவோம்" என்றேன். அவரும் வைத்துவிட்டார். விளம்பரம் வேலை செய்கிறது என்று என் மனைவியிடம் சொன்னேன். "விசாரிக்கிறவங்க ஏன் இப்படி அழுவுற மாதிரி பேசுறாங்க?" என்று அவள் கேட்டாள்.

பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பட்டுக்கோட்டை ரோட்டு செட், முழு யூனிபார்மில். வாசிக்கிறவன் இறந்தால் மற்ற செட்டுகள் கூப்பிடாமலே வந்து சும்மா வாசித்துவிட்டுப் போவது எங்களுக்குள் வழக்கம். அவர்களின் தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். கையில் டீ கிளாஸோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"வாங்க தம்பி. என்ன இந்தப் பக்கம், ஏதும் சாவா?" என்றேன்.

அவர் வேனைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, போஸ்டர் பாத்தேன். அம்பது வயசுதானா, பாக்கறதுக்கு அப்படித் தெரியலையேன்னு வர்ற வழியெல்லாம் அழுதோம்."

செட்டின் வருஷத்தை என் பிறந்த வருஷமாக எடுத்துக்கொண்டு ஊரே கூடுதலாக வருத்தப்பட்டிருக்கிறது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. மச்சான் சிரித்த சிரிப்பில் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். என் மனைவி சிரிக்கவில்லை.

"ஊதுறவருக்கே ஊத ஆளு வந்துட்டு. இதுக்குத்தான் அந்தக் கடைக்கு அத்தனை நடை நடந்தீங்களா?" என்றாள்.

அந்த நேரம் பார்த்துச் செயலாளரும் கமிட்டி ஆட்கள் இருவரும் பெரிய மாலையோடு வந்து இறங்கினார்கள். செயலாளர் என்னைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கேன் தம்பி."

"கல்லறையிலேருந்து எந்திரிக்க லாசருக்கே நாலு நாளாச்சு. இவரு ஒரே ராத்திரியில எந்திரிச்சிட்டாரு" என்று மச்சான் தரையிலிருந்து சொன்னார்.

செயலாளருக்குச் சிரிக்க முடியவில்லை. காரணம் இருந்தது. பூசையில் என் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஜெபித்து, அது முடிந்த கையோடு கமிட்டி கூடி, மறைந்த கலைஞருக்கு அஞ்சலியாக இந்த வருஷப் பவனியை அவர் செட்டுக்கே கொடுப்பது என்று முடிவு செய்து, மைக்கிலும் சொல்லிவிட்டார்களாம்.

"அப்ப எங்களுக்குத்தான்" என்றேன்.

"அது நீங்க இல்லாம இருந்தப்ப. இப்பதான் நீங்க இருக்கீங்களே."

"அதுக்கு அவரு இப்ப என்ன பண்ணணுங்கிறீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

செயலாளர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பட்டுக்கோட்டை ரோட்டுத் தலைவர் பக்கம் திரும்பினார். "அஞ்சலின்னு குடுத்தது. அந்தக் காரணம் இப்ப இல்ல. நியாயமாப் பாத்தா நீங்க எடுத்துக்கலாம்."

எனக்கு நெஞ்சு அடைத்தது. போஸ்டரில் போட்டது நிஜமாகிவிடும் போல இருந்தது. அந்தத் தலைவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாங்க. செத்தவருக்குன்னு குடுத்ததை, உசுரோட இருக்காருன்னு புடுங்கிக்கிட்டா, நாளைக்கு எனக்கு எவன் வந்து வாசிப்பான்?"

அவர் செட்டுக்காரர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். கமிட்டியின் மூத்தவர், "மைக்குல சொன்னதை மாத்துனா ஃபாதர் கேப்பாருப்பா" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. முன்பணத்தை வெற்றிலை பாக்கில் வைத்துச் செட்டின் தலைவர் கையில் தருவதுதான் முறை. தீர்மானப்படி தலைவர் காலமாகிவிட்டதால் செயலாளர் அதை மச்சானிடம் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையை என் மனைவி வாங்கி மாட்டுக்குப் போட்டாள்.

கிளம்பி வந்த செட் வாசிக்காமல் திரும்பக் கூடாது. அவர்களுடைய கிளாரினெட்காரர் அன்று வேறு கல்யாணத்துக்குப் போயிருந்தார். உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்து அவர்களோடு சேர்ந்து நானே வாசித்தேன்.

பவனி அன்று எங்கள் செட் தேருக்கு முன்னால் அணிவகுத்து நின்றது. பெரிய டிரம்காரரும் கோழிப்பண்ணையிலிருந்து நேரே வந்து சேர்ந்திருந்தார். தீர்மானத்தில் இருந்தபடியே, "அமரர் நினைவாக அவரது குழுவினர்" என்று மைக்கில் அறிவித்தார்கள். ஜனங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். முதல் வரிசையில், யார் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள் என்று பார்த்து, அந்தப் பக்கம் திரும்பி நின்று ஊத ஆரம்பித்தேன்.