பாட மாட்டேன் என்றவரை நான் பாட வைத்த கதை

என் வாழ்நாளில் ஒரேயொரு பெரிய பாடகரை மேடையேற்றியிருக்கிறேன். அவருக்கு அதில் விருப்பமில்லை என்பதைத் தவிர மற்றதெல்லாம் நன்றாகவே நடந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். எனக்குப் பன்னிரண்டு வயது. ஒஸ்லோவின் ஓரத்தில் ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே ஒரு ஜமேக்காக்காரர் இருந்தார். றெகே என்கிற அவர்களின் நாட்டு இசையைப் பாடுகிறவர். பத்தொன்பது வயதில் அவர் பாடிய ஒரு பாட்டு உலகமெல்லாம் ஓட, அதற்குப் பின்னால் அவரும் முப்பது வருடமாக ஓடிக்கொண்டிருந்தார். லண்டன், ஜேர்மனி, ஜப்பான் என்று ஓடி, ஒரு நோர்வேக்காரியைக் கட்டி, அவள் போன பிறகும் ஒஸ்லோவிலேயே நின்றுவிட்டார். கோடையில் எங்காவது ஒரு விழா. மாரியில் ஏதாவது ஒரு கப்பலில் கிழமை முழுக்க அதே பாட்டு.

அம்மாவுக்கு அவர்மேல் பெரிய மரியாதை. இடுப்புவரை சடை, மச்சம் மாமிசம் தொடுவதில்லை; ஏதோ கடும் நேர்த்திக்கடன் உள்ள மனிதர் என்று தானாகவே முடிவுகட்டி, வெள்ளிக்கிழமைகளில் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் கொடுத்தனுப்புவார். அவர் எதற்காக நேர்ந்திருக்கிறார் என்று கேட்டுவரும்படி எனக்குக் கட்டளை. நான் ஒருநாளும் கேட்கவில்லை.

அப்பா ஊர்ச் சங்கத்தின் செயலாளர். அந்த வருட ஒன்றுகூடலுக்கு லண்டனிலிருந்து ஒரு சங்கீத வித்துவான் வருவதாக இருந்தது. அரை நூற்றாண்டுக் கலைச்சேவைக்குப் பொன்னாடை, கண்ணாடிச் சட்டத்துக்குள் வாழ்த்துப்பா எல்லாம் ஆயத்தம். கடைசிக் கிழமையில் வித்துவானுக்குச் சுகமில்லை என்று தொலைபேசி வந்தது. எங்கள் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். பொன்னாடை ஒன்று வாங்கிவிட்டால் அதை யாருக்காவது போர்த்தாமல் விடமாட்டார்கள்.

“மேல்மாடி மனிசனும் பாட்டுக்காரன்தானே? முப்பது வருசம் பாடினது சேவையில்லையோ? ஓடிப்போய்க் கேட்டுக்கொண்டு வா” என்றார் அப்பா.

பாடகர் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், உடுப்புத் தோய்க்கும் அறையில், மேடைச் சட்டைகள் சுழல்வதைப் பார்த்தபடி இருந்தார். குரல் மணலில் செருப்பு உரசுவதுபோல் வந்தது. தொண்டைக்குள் ஒரு கட்டி, அடுத்த மாதம் வெட்டப் போகிறார்கள், அதுவரை ஒரு வரிகூடப் பாடக்கூடாதாம். பாடினால் மிச்சமுள்ளதும் போய்விடும் என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். வருவேன், இருப்பேன், பாட மாட்டேன். அப்பாவிடம் சொல் என்று நோர்வேஜிய மொழியில் இரண்டு முறை சொன்னார். நானும் இரண்டு முறை தலையாட்டினேன்.

மேலே வந்தால் அப்பாவின் காதில் தொலைபேசி. “ஓமோம், சர்வதேசப் பாடகர்! பாடாமல் விடுவாரே? குடும்பத்தோடை வாங்கோ!” பக்கத்து லோறென்ஸ்கூக் முடிந்து தூரத்துத் திராமன்வரை அழைப்புப் போய்க்கொண்டிருந்தது. நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். என் பயத்துக்கு ஒரு குணம்: ஒத்திப்போட்டால் காரியம் தானாகச் செத்துவிடும் என்று நம்பும். நாற்பதை நெருங்கும் இந்த வயதிலும் பல்வைத்தியரின் கடிதங்களை நான் திறப்பதில்லை.

பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபம் நிறைந்துவிட்டது. வித்துவானின் பெயர்மேல் காகிதம் ஒட்டிய வாழ்த்துப்பாவைப் பெரியப்பா ராகத்தோடு வாசித்தார். மொழிபெயர்க்க நான் பாடகரின் பக்கத்தில். அந்தத் தமிழ் எனக்கும் பிடிபடவில்லை. உங்களைக் கடல் என்கிறார், இப்போது மலை என்கிறார், திரும்பவும் கடல் என்று காதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் கவலையோடு தலையசைத்தார்.

பிறகு அவர் என்னைக் குனியச் சொல்லி என் காதில் கிசுகிசுத்தார். நன்றி சொல். களைத்துப்போனேன் என்று சொல். பத்தொன்பது வயதிலேயே அந்தப் பாட்டை நான் முடித்துவிட்டேன், அதுதான் என்னை விடவில்லை. இந்த வருடம்தான் முதல்முறை மேடையில் சும்மா இருக்கிறேன், இதைவிடப் பெரிய மரியாதை இல்லை என்று சொல்.

ஒலிவாங்கி என் வாய்க்கு நேரே வந்தது. முன்வரிசையில் அப்பா கமராவை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அவர்… சரியான சந்தோசமாம்” என்றேன். “இப்ப பாடப் போறாராம்.”

மண்டபம் அதிரக் கைதட்டல். யாரோ அவருடைய கதிரையை எடுத்துவிட்டார்கள். மிருதங்கத்தோடு ஒரு அண்ணை வந்து உட்கார்ந்தார். பாடகர் என்னைப் பார்த்தார். நான் என் சப்பாத்து நாடாவைப் பார்த்தேன். அது அவிழவில்லை, இருந்தாலும் குனிந்து கட்டினேன்.

அவர் பாடினார்.

ஆட்கள் தொடையில் தாளம் போட்டார்கள். அந்தப் பாட்டின் தாள அடி இரண்டு தட்டுக்கும் நடுவில் விழுவது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் எங்கள் தட்டுக்கே இறங்கி வந்தார். உயரப் போகவேண்டிய இடத்தில் மூச்சு மட்டும் போனது. முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாமா, “இன்னொருக்கா!” என்று கத்தினார். இரண்டாம் முறை நடுவழியில் குரல் நின்றுவிட்டது, வாய் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. ஒலிவாங்கி பழுதாகிவிட்டதாக்கும் என்று பெரியப்பா எழும்பி வந்து அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

திரும்பும்போது அவர் காரின் முன்னிருக்கையில் பொன்னாடையோடு இருந்தார். அப்பாவுக்குக் கால் நிலத்தில் இல்லை. “அடுத்த வருசமும் கட்டாயம் வரவேணுமெண்டு சொல்லடா. இதே பாட்டுத்தான், சனத்துக்குப் பிடிச்சிட்டுது.”

இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தொண்டையில் கையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார், பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“என்னவாம்?” என்றார் அப்பா.

“ஓமாம்” என்றேன்.

தப்பிவிட்டேன் என்ற நிம்மதியில் இருக்கையில் சாய்ந்தேன். மாட்டேன் என்று சொல்லவும் ஒரு குரல் வேண்டும், அந்த மனிதரிடம் மிஞ்சியிருந்ததை அன்று பின்னேரம் நான்தான் செலவழித்து முடித்தேன் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.