யாகூப் நானாவின் தலைகள்

மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில், ஏ-ஒன்பது வீதியோரம் டயர் கடை வைத்திருக்கும் யாகூப் நானாவுக்கு இந்த உலகத்தில் இரண்டே இரண்டு பெருமைகள். ஒன்று, அவர் வீல் பெலன்ஸ் பார்த்து அனுப்பிய வண்டியைத் தம்புள்ளை வரை எவ்வளவு விரட்டினாலும் ஸ்டியரிங் நடுங்காது என்பது. மற்றது, அவர் கையால் வார்த்த தலை. முதலாவதை யாராவது மறுத்துப் பேசினால் சிரித்துவிட்டுப் போவார். இரண்டாவதை மறுத்துப் பேசியவன் அந்தக் கடையில் சைக்கிளுக்குக்கூடக் காற்றடிக்க முடியாது.

தலை என்றதும் பயந்துவிடாதீர்கள். தூண்டிலில் மாட்டுகிற மெத்தென்ற ரப்பர் மீனைப் பார்த்திருப்பீர்கள். கடையில் வாங்கும்போது அது வெறும் ரப்பர்தான். எறிந்தால் தூரம் போகாது, தண்ணீரில் விழுந்தால் ஒழுங்காகத் தாழாது. கொக்கியோடு சேர்த்து வார்த்த ஓர் ஈய உருண்டையை அதன் வாய்க்குள் செருகினால்தான் அதற்கு உயிர் வரும். வெளிநாட்டுப் பொதியில் அந்த உருண்டைக்கு ஜிக்ஹெட் என்று பெயர். மாத்தளையில் தலை. இறக்குமதி நின்று கடைத் தட்டுகள் காய்ந்து கிடந்த அந்த வருடங்களில் யாகூப் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. சில்லு விளிம்புகளில் எடைக்கு மாட்டியிருந்து கழற்றிய பழைய பெலன்ஸ் ஈயத்தை இரும்புச் சட்டியில் உருக்கி, தானே குடைந்த அலுமினிய அச்சில் ஊற்றித் தலை வார்த்தார். தூண்டில் பிடிக்கிற அத்தனை பேரும் அதை யாகூப் தலை என்றார்கள். கண்டியிலிருந்து வந்த ஒருவர், யாகூப் என்பது ஏதோ வெளிநாட்டுக் கம்பனி என்று நினைத்துக் கேட்டாராம். இந்தக் கதையை நானாவின் வாயால் கேட்க வேண்டும். சொல்லச் சொல்ல அந்தக் கண்டிக்காரர் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய ஆளாகிக்கொண்டே போவார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கண்டலம குளம். சீகிரியாவில் ஓட்டோ ஓட்டும் சசிக்குமாரும் இன்னும் இரண்டொருவரும் வந்து சேருவார்கள். கரையில் இறங்கியதும் ஆளாளுக்குத் தங்கள் ரப்பர் மீன்களை ஓட்டோவின் பின்சீட்டில் பரப்பி வைப்பார்கள். அது அவர்களுக்குள் ஒரு வழக்கம். யாகூப் காற்றைப் பார்ப்பார், தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார். பிறகு ஒவ்வொரு ரப்பரின் விலாவோடும் ஒரு தலையைப் பிடித்து, கொக்கி முதுகில் எந்த இடத்தில் வெளியே வரவேண்டும் என்று பெருவிரல் நகத்தால் அடையாளம் போடுவார். கொக்கி நீண்டுபோனால் ரப்பர் விறைத்து வால் ஆடாது. குட்டையாகப் போனால் மீன் வாலை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும். தலை பாரமானால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். லேசானால் காற்று அதைத் திருப்பி நம் முகத்திலேயே எறியும். நானா நகம் பதிக்காமல் ஒருவரும் தங்கூசி நரம்பில் முடிச்சுப் போடமாட்டார்கள். "நானா, இன்னைக்கு எதுங்க?" என்று சசிக்குமார் கேட்கிற அந்த ஒரு கேள்விக்காகத்தான் மனுசன் வாரம் முழுக்க டயர் கழற்றினார் என்று சொன்னாலும் பிழையில்லை.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தான் றினோஸ்.

றினோஸ், யாகூப்பின் மனைவி றமீஸாவின் தம்பி. கட்டாரிலிருந்து வருகிறவர்கள் சொக்லேட்டும் சவர்க்காரமும் கொண்டுவருவார்கள். இவன் ஒரு பெட்டி நிறையத் தலை கொண்டுவந்தான். உருண்டைத் தலை, குண்டுபோலக் கூரான தலை, கண் வைத்த தலை, கொக்கியில் புல் மாட்டாமல் கம்பி வைத்த தலை. அறை அறையாகப் பிரித்த பெட்டி. அதைத் திறந்து காட்டியபோது யாகூப் எட்டிப் பார்த்து, "ம், நல்லா ஈக்கு" என்றார். மூடியையும் தானே சாத்தினார்.

பெட்டியோடு போயிருந்தால் பரவாயில்லை. முதல் ஞாயிறே, கரையில், சசிக்குமார் தன் ரப்பர் மீனைக் கையில் எடுத்துக்கொண்டு யாகூப்பைத் தாண்டிப் போனான். அவரைத் தாண்டி! போய் றினோஸிடம் நீட்டி, "தம்பி, இதுக்கு உங்க பெட்டியில எது சரி வரும்?" என்று கேட்டான்.

றினோஸ் அதைக் கையில் வாங்கவே இல்லை. "மச்சான் ஈக்கிற இடத்தில என்னட்ட கேக்கிறீங்களே. மச்சான், நீங்க பாத்து சொல்லுங்க" என்று அவர் பக்கம் திருப்பிவிட்டான்.

யாகூப் பார்த்தார், சொன்னார், நகமும் பதித்தார். இவன் யார் எனக்கு இடம் விட? என் இடத்தை எனக்கே தானம் பண்ணுகிறானா? றினோஸ் பெருமைக்காரனாக இருந்திருந்தால் நானாவுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு நாளாவது வெடுக்கென்று பேசியிருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் திட்டித் தீர்த்திருப்பார். அந்தப் பாவி எந்நேரமும் சிரித்த முகம்.

வீட்டில் இன்னும் மோசம். தம்பி பிடித்த மீனென்றால் றமீஸாவின் கை தனியாகப் பேசும். புளிப்புக்குக் கொறக்கா போட்டு, மிளகு போட்டு, வாசம் பக்கத்து வீட்டு மதிலைத் தாண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி, "எங்கட தம்பி பிடிச்ச லூலா!" என்று வேறு சொல்லுவாள். லூலா என்றால் விரால். யாகூப் இருபது வருடமாக அந்தக் குசினிக்கு லூலா கொண்டுவந்திருக்கிறார். ஒருநாளும் மதிலுக்கு அந்தப் பக்கம் போனதில்லை அந்தச் செய்தி. தட்டில் போட்ட மீனைப் பார்த்துக்கொண்டு, "உப்புக் கூட" என்றார். உப்பு அளவாகத்தான் இருந்தது.

இனி ஒரு தயிர்ச்சட்டியின் கதை. இப்போது வருகிற வாகனங்களின் பெலன்ஸ் துண்டுகள் எல்லாமே ஈயமில்லை. பாதி துத்தநாகம். பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஈயம் உருகும் சூட்டில் அது உருகாது, மேலே மிதக்கும். அதை அள்ளி எறிந்துவிட வேண்டும். ஒருநாள் யாகூப் கவனிக்காமல் சட்டி நிறைய அந்தத் துண்டுகளையே போட்டு, ஏன் உருகுதில்லை என்று அடுப்பைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் உருக்கி வார்த்தும் விட்டார். அதே அச்சு, அதே கொக்கி, அதே பருமன். தூக்கினால் மட்டும் ஈயத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்த மாதிரி லேசு. பெயர் கெட்டுவிடும் என்று ஒன்றையும் விற்கவில்லை. வெறும் தயிர்ச்சட்டியில் போட்டு, "அது குப்பை, பழைய இரும்புக்காரன் வந்தா குடுத்திருங்க" என்று றமீஸாவிடம் சொல்லி வைத்தார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் றினோஸ் கடைக்கு வந்தான். கொண்டுவந்த தலைகளில் முக்கால்வாசி குளத்து மரக்குற்றிகளுக்குத் தின்னக் கொடுத்தாகிவிட்டது.

"மச்சான், நாளைக்கு சீகிரியா ஹோட்டல்ல ஈந்து ரெண்டு வெளிநாட்டு ஆக்கள் வாராங்க, நான் பிடிக்கிறத பாக்க. அவங்களுக்கு பிடிச்சுப்போனா ஹோட்டல்காரங்க கிழமைக்கு கிழமை ஆள் அனுப்புவாங்களாம். உங்கட தலை கொஞ்சம் தாங்களேன்."

உங்கட தலை. கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. யாகூப்பின் கை ஈயத் தலைகள் கிடந்த மேசை லாச்சிக்குப் போனது, சத்தியமாகப் போனது. அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணீரோடு வந்த றமீஸா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"நல்லதா பாத்துக் குடுங்க. அவன் வெளிநாட்டுச் சாமான் பாவிச்ச புள்ள. ஒங்கட கைவேல சரிவருமோ என்னமோ."

லாச்சிக்குப் போன கை நின்றது. திரும்பியது. தயிர்ச்சட்டிக்குள் இறங்கி ஒரு பிடி அள்ளியது. "இந்தா, நாளைக்கு இதுதான் சரி" என்றார். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. றினோஸ் ஒன்றைக் கையில் வைத்து ஆட்டிப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், சிரித்தான், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். றமீஸா தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டுத் தயிர்ச்சட்டியைப் பார்த்தாள்.

வெளிநாட்டுக்காரர்களின் முன்னால் றினோஸ் எறிவான், காற்று அடித்துத் திரும்பி வரும். இழுப்பான், ரப்பர் மேலாகவே மிதந்து கோமாளிக்கூத்து ஆடும். பிறகு பார்க்கலாம், பின்சீட்டில் யார் நகம் பதிக்கிறார்கள் என்று. யாகூப் அன்று நன்றாகச் சாப்பிட்டார். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை கண்டலமயில் இறங்கியதும் அவருக்கு முதல் அடி விழுந்தது. அந்தக் கிழமை மேலே பெய்த மழையில் குளம் ஏறியிருந்தது. மாடு மேய்ந்த கரைப்புல் முழுக்கத் தண்ணீருக்குள். காற்று என்றால் இலை அசையவில்லை. யாகூப் வழக்கம்போல எல்லாருக்கும் ஈயத் தலை எடுத்துக் கொடுத்தார். புல்லைப் பார்த்த பிறகும் கொடுத்தார், ஏனென்றால் லேசான தலை வேண்டும் என்று சொல்ல அவருக்கு வாய் வருமா? எறிந்தவர்கள் எல்லாரும் புல் பிடித்தார்கள். சசிக்குமார் ஒரு கட்டுப் புல்லை இழுத்துப்போட்டு, "நானா, வீட்டுல மாடு கூட இல்லீங்களே" என்றான்.

கொஞ்சம் தள்ளி, விருந்தாளிகளின் பக்கத்தில் நின்று றினோஸ் எறிந்தான். அந்த லேசான தலை மெல்ல இறங்கி, புல்லின் நுனியைத் தொட்டும் தொடாமலும் வந்தது. ரப்பரின் வால் ஆடியது. யாகூப் தூண்டில் கோலைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தார். யா அல்லாஹ், என்ன ஆட்டம் அது! தான் வார்த்த எதுவும் அப்படி நீந்தி அவர் பார்த்ததில்லை. விட்டுவிடு, கடிக்காதே என்று எங்கோ இருந்த அந்த மீனிடம் மனதுக்குள் மன்றாடினார். அது கேட்கவில்லை. புல்லுக்குள்ளிருந்து தண்ணீர் வெடித்தது. றினோஸின் கோல் வளைந்தது. சசிக்குமார் செருப்போடு தண்ணீருக்குள் ஓடினான். கரைக்கு வந்த லூலா ஒரு முழத்தைவிட நீளமாகக் கிடந்து துடித்தது. அது ஒன்றுதானா? யானை இறங்குகிற நேரமாகிறது என்று எல்லாரும் கிளம்பும்வரை றினோஸ் பிடித்துக்கொண்டே இருந்தான். மற்றவர்கள் புல் பிடித்தார்கள்.

விருந்தாளிகள் போனில் படம் பிடித்தார்கள். சசிக்குமார் அந்தத் தலையைக் கொக்கியோடு உயர்த்திப் பிடித்து, "இதாங்க றினோஸ் தலை!" என்று கத்தினான்.

"இல்ல சசி, பொய் சொல்ல வாணாம். இது மச்சான் பாத்து எடுத்துத் தந்த தலை" என்றான் றினோஸ். "கையில வெச்ச ஒடனே லேசு எண்டு தெரிஞ்சிச்சு. ஏன் இத தாராரு எண்டு யோசிச்சேன். இங்க வந்து புல்லப் பாத்த பொறகுதான் விளங்கிச்சு. மழை பெஞ்சதும் குளம் எப்படி ஈக்கும் எண்டு மச்சான் அலுவிகாரையில ஈந்தே பாத்திருக்காரு." ஈரக் கையோடு வந்து யாகூப்பைக் கட்டிப்பிடித்தான். மீன் வாசமும் வேர்வையும் கலந்த அந்தப் பிடிக்குள் யாகூப் கட்டைபோல நின்றார்.

அவன் சொன்னதை யார் கேட்டார்கள்? அன்றிரவே போனுக்குப் போன் பறந்த படத்தில் இருந்தது றினோஸ். மீன் இருந்தது றினோஸின் கையில். மறுநாளே தம்புள்ளையில் மரக்கறி லொறி ஓட்டுகிற ஒருவர் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "நானா, றினோஸ் தலை ஈக்கா?" என்று கேட்டார். பிறகு நாவுலையிலிருந்து ஒருவர். பிறகு மாத்தளை டவுனிலிருந்து இரண்டு பேர். இந்தப் பெயர் போனால் யாகூப் யார்? டயர் கழற்றுகிற ஒரு மனுசன். அவரைப் போல ஏ-ஒன்பதில் எத்தனை பேர்! தன் சட்டியில், தன் அச்சில், தன் கையால் வார்த்த சாமானை இன்னொருவன் பெயர் சொல்லித் தன்னிடமே கேட்கிறார்கள். இதைவிட ஒரு செருப்படி உண்டா?

அந்த வெள்ளிக்கிழமை, ஜும்மாத் தொழுகை முடிந்து கடை திறந்த நேரம், வாசலில் றினோஸ் தலை கேட்டு ஆட்கள் நின்றார்கள். சசிக்குமாரும் நின்றான். றினோஸ் நடுவில் நின்று, கோபம் வராதவனுக்கும் அன்று கோபம் வந்து, எல்லாரோடும் வாதாடிக்கொண்டிருந்தான்.

"எத்தன தரம் சொல்ற? அது என்ட தலை இல்ல. யாகூப் தலை. மச்சான், நீங்களே சொல்லுங்க இவங்களுக்கு. ஏன் அத லேசா வார்த்தீங்க, ஏன் அன்டைக்கு எனக்கு மட்டும் அத தந்தீங்க, சொல்லுங்க. அப்ப இவங்க வாய மூடுவாங்க."

எல்லாரும் யாகூப்பைப் பார்த்தார்கள். வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் இருந்த கதவில் றமீஸா நின்றாள். அவள் கையில் அந்தத் தயிர்ச்சட்டி. துடைத்துக்கொண்டிருந்தாள், ஆனால் துணி ஓடவில்லை. அவளும் பதிலுக்காகத்தான் நின்றாள் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

பெயர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துக்கொள்ள ஒரே ஒரு காரணம் சொல்ல வேண்டும். ஏன் தந்தேன்? குப்பை என்று தந்தேன். நீ நாலு பேர் முன்னால் அவமானப்பட்டுத் திரும்ப வேண்டும் என்று தந்தேன். பொய்யாக வேறொரு காரணம் சொல்லியிருக்கலாம். றமீஸா அங்கே நிற்காமல் இருந்திருந்தால் சொல்லியும் இருப்பார்.

யாகூப் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"அது றினோஸ்ட தலைதான்" என்றார். "அப்படியே சொல்லுங்க எல்லாரும்."

றமீஸா சட்டியோடு உள்ளே போய்விட்டாள். வாசலில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டு கலைந்தார்கள். றினோஸ் மட்டும் நின்றான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"இப்படிப் பேர விட்டுக்குடுக்க யாருக்கு மச்சான் மனசு வரும்?" என்று அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "நான் எண்டா குடுத்திருக்க மாட்டேன்."

பொய். குடுத்திருப்பான். முதல் ஞாயிறே குடுத்தவன் அவன். யாகூப்புக்கு அது நன்றாகத் தெரியும். பெட்டி நிறைய இருந்த தலைகளையும், மதில் தாண்டிப் போன மீன் வாசத்தையும், இப்போது போய்விட்ட பெயரையும்கூட ஒருவேளை மறந்துவிடலாம். யாரையும் சந்தேகிக்கத் தெரியாத அந்த மனசு ஒன்று அவனிடம் இருந்ததே, அதைப் பார்த்து எரிந்த எரிச்சலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு உள்ளே போனார். துத்தநாகத் துண்டுகளை இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பைக் கூட்டினார். நாவுலைக்காரர் பின்னேரம் வந்து றினோஸ் தலைகளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.