தோசைக்கல்லைப் போலக் காய்ச்சிய காந்தம்

எட்டாம் வகுப்போடு நின்று, லாரி கிளீனர், கோழிப்பண்ணை, பனியன் கம்பெனி என்று சுற்றிவிட்டு, பீளமேட்டில் கருங்கல் போலிருக்கும் ஃபெரைட் காந்தம் விற்கும் கடையில் சேர்ந்தேன். சேர்ந்த புதிதிலேயே காங்கேயத்து எண்ணெய் மில் ஒன்றிலிருந்து புகார். கொப்பரைத் தேங்காயில் கிடக்கும் ஆணிகளைப் பிடிக்க நாங்கள் கொடுத்த காந்தக் கட்டை, ஒரு குண்டூசியைக்கூடப் பிடிக்கவில்லையாம்.

“போலி இல்லைன்னு காட்டிட்டு வா கண்ணு. இல்லைன்னா அங்கயே கொப்பரை ஒடைச்சுப் பொழைச்சுக்கோ,” என்றார் எங்கள் முதலாளி. நான் படுப்பது கடை மாடியில். வேலை போனால் பாயும் போகும்.

மில்லில் கட்டை மேல் ஆணியை வைத்தேன், நழுவி விழுந்தது. பையிலிருந்த ஸ்பீக்கர் காந்தத்தை வைத்தேன், பச்சக்கென்று ஒட்டியது.

“அது உங்க காந்தத்தோட வேலைங்க. எங்களுது வெறும் கல்லுங்க,” என்றார் மில்காரர்.

“கல்லுல காந்தம் ஒட்டுமாங்க?”

கட்டையின் இடுக்கில் சாம்பல் இருந்தது. மேஸ்திரி சின்னராசுவிடம், “அடுப்புல போட்டீங்களா?” என்றேன்.

“எண்ணெய்ப் பிசுக்கு தேச்சாப் போகலீங்க. தோசைக்கல்லைக் காச்சுற மாதிரி கொட்டாங்குச்சி நெருப்புல காச்சிப்போட்டேனுங்க. பளிச்சுன்னு ஆயிருச்சுங்க.”

மில்காரர் அவரை முறைத்தார். எனக்கு மூச்சு வந்தது.

“இதுக்குள்ள இரும்பு அணுக்க ரெண்டு கட்சியா எதிரெதிரா நிக்குமுங்க. ஒரு கட்சிக்குப் பலம் சாஸ்தி. அந்த மிச்சப் பலந்தான் ஆணியைப் புடிக்கிறது. நானூத்தம்பது டிகிரி தாண்டுனா கட்சி கலைஞ்சுருமுங்க.”

“ஆறுன பொறவு?” என்றார் மில்காரர்.

“மறுபடி கட்சி கட்டுமுங்க. ஆனா மிச்சப் பலம் மூலைக்கொரு பக்கம் பாத்து நிக்கும். மிஷின்ல வெச்சு ஒரே பக்கம் திருப்போணும்.”

“எங்க பங்காளிகளாட்டவே இருக்குது. அவங்களுக்கும் மிஷின் இருக்குதுங்களா?”

“காந்தத்துக்கு மட்டுந்தானுங்க.”

நல்லவேளை, சின்னராசு தண்ணீர் ஊற்றி அணைக்கவில்லை. ஊற்றியிருந்தால் கட்டை விரிசல் விட்டிருக்கும். பீளமேட்டுக்குக் கொண்டுபோய், காந்தமேற்றும் சார்ஜிங் மிஷினில் வைத்தோம். ‘டப்’ என்று ஒரே சத்தம். அன்றே துணிப்பையில் போட்டுக்கொண்டு திரும்பவும் பஸ் ஏறினேன்.

“ஏனுங்க, காங்கேயம் வந்திருச்சு. எறங்கலீங்களா?” என்றார் கண்டக்டர்.

“பை வரமாட்டேங்குதுங்க.” கட்டை சீட்டுக் காலைக் கவ்விக்கொண்டிருந்தது.

“பைக்கு இஷ்டமில்லைன்னா நீங்க மட்டும் எறங்குங்க.”

ஒரு கையால் பையை இழுத்தபடியே முதலாளிக்குப் போன் போட்டேன். “போலி இல்லீங்க. பஸ்ஸையே விடமாட்டேங்குது.”

வேலை தப்பியது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: காந்தம் செத்துவிட்டது என்று எவராவது கூப்பிட்டால், முதலில் அவர்களுடைய அடுப்பைப் போய்ப் பாருங்கள்.