பெண்களைச் சோதிக்க ஒரு பெண்

பிறத்தியார் மூட்டைக்குள் கைவிடுகிற உத்தியோகத்தில், தேடுவது கிடைத்துவிடுமோ என்பதுதான் பயம். ஆந்திரா பிரிந்து எல்லைத் தகராறு முற்றியபோது, பாலத்துக்கு வெடி வைக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. இரண்டு ராஜ்யப் போலீசும் கூட்டாகச் சித்தூர்–வேலூர் ரோட்டில் பஸ்களை நிறுத்தினார்கள். பெண்களை ஆண் போலீஸ் தொடக் கூடாதே. கான்வென்டில் படித்தவள், தெலுங்கும் பேசுவாள் என்று என்னை ஒரு சாக்குத் தட்டிக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். வீட்டில் பால்குடிப் பிள்ளை. மூட்டையைத் திறந்து காட்டி நொந்தவர்களே, திறக்கச் சொன்னவளும் பயந்துகொண்டுதான் இருந்தாள்.

இறுகிய மூடி

ஒரு அம்மாள் தூக்குச்சட்டியை மடியைவிட்டு இறக்கவே இல்லை. பிடுங்கி, பிள்ளையை நினைத்துக்கொண்டு, கண்ணை மூடித் திருகினேன். மசக்கைக்காரி மகளுக்கு மாங்காய் ஊறுகாயாம். அந்த அம்மாள் என் கையையே பார்த்துவிட்டுச் சொன்னாள்: “தொட்டுட்டே இல்ல, பூசணம் புடிச்சா நீதான் பதில் சொல்லணும்.”

கழுத்தில் பச்சை

புதுப் பெண் ஒருத்தி. முந்தானையை விலக்கச் சொன்னேன். சங்கிலி பட்ட இடமெல்லாம் கழுத்தில் பச்சை ஏறியிருந்தது. வெளியிலிருந்து போலீஸ்காரர், என்ன இருக்கிறது என்று உரக்கக் கேட்டார். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “குண்டு இல்லேன்னு மட்டும் சொல்லுக்கா. கில்ட்டுன்னு சொல்லிடாதே, மாமியா வெளியே நின்னுக்கினு கீறா.”

என் முறை

பிள்ளைக்கு ஜுரம் ஏறி இழுப்பு வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். எங்கள் சாவடியிலேயே நிறுத்தினார்கள். அன்று எனக்கு லீவு. தட்டிக்குப் பின்னால் ஆளில்லை. தினம் என்னோடு டீ குடிக்கிற ஆந்திரா போலீஸ்காரர் தலையைச் சொறிந்தார். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும், இருக்கிற பெண்ணோ நான் ஒருத்திதான் என்றார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். என் பையை நானே உதறி, என் இடுப்பை நானே தடவி, வெளியே வந்து ஒன்றுமில்லை என்றேன். விட்டார்.

நாலு எட்டில் மெட்ராஸ் போலீஸ்காரர் கை காட்டினார். பிள்ளை அனலாய்க் கொதிக்கிறது என்று கெஞ்சினேன். அவர் பிள்ளையைப் பார்த்தார், தட்டியைப் பார்த்தார். “கஷ்டமாத்தான் இருக்குதும்மா. ஆனா நீங்க அவங்களுக்காகச் சோதிச்சது எங்களுக்குச் செல்லாது, எங்களுக்காக ஒரு தபா சோதிச்சுட்டு வந்துடுங்க.”

பிள்ளை பிழைத்துக்கொண்டாள், அன்று ஒருவரையொருவர் நம்பாத இரண்டு சர்க்காரும், என்னையும் நம்பாமல், என்னைச் சோதித்த என்னை மட்டும் நம்பின.